பழைய படத்தின் தட்டில் ‘4கே’ என்று போட்டிருக்கிறது, சரி, எதிலிருந்து எடுத்தது?

பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ (1926) என்ற மௌன நகைச்சுவைப் படத்தை நான் முதலில் பார்த்தது நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு டிவிடியில். கீட்டனின் முகம் அதில் இட்லி மாதிரி இருந்தது. ஒரு வெள்ளை வட்டம், உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். சிரிக்காத முகத்துக்குப் பேர்போன நடிகர் அவர். அந்த டிவிடியில் அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

படத்தில் ஒரு காட்சி வரும். காதலி கைவிட்ட சோகத்தில் கீட்டன் ரயில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டின் மேல் போய் உட்கார்ந்துவிடுவார். எஞ்சின் மெல்ல நகரும். தண்டு அவரைத் தூக்கி இறக்கும், தூக்கி இறக்கும். அவரோ எதையும் கவனிக்காமல் துக்கத்திலேயே உறைந்திருப்பார். கொட்டகைக்குள் எஞ்சின் நுழையப்போகும் கடைசி நொடியில்தான் அவருக்கு விஷயம் உறைக்கும். என் டிவிடியில் ஒருவர் மேலும் கீழும் போனார், பிறகு இருட்டு. பல வருடம் கழித்து நல்ல புளூரே (டிவிடியைவிடத் தெளிவான தட்டு) ஒன்றில் பார்த்தபோதுதான் அந்தக் கடைசி நொடியில் கண்கள் லேசாகத் திரும்புவது தெரிந்தது. அந்தக் காட்சியின் நகைச்சுவையே அந்தக் கண் அசைவுதான்.

பிரதி மோசமாக இருந்தால் சோகப் படத்தின் அழகு குறையும், ஆனால் அழுகை வந்துவிடும். நகைச்சுவைப் படத்தில் சிரிப்பே வராது. முகத்தின் நுட்பம், சரியான வேகம், சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு பொருள் என்று ஏதாவது ஒன்று போனாலும் ஜோக் போச்சு. அதனால்தான் பழைய நகைச்சுவைப் படங்களின் தட்டு வாங்கும்போது ‘இது எதிலிருந்து எடுத்தது?’ என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.

ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிறீர்கள். அசல் கைவசம் இல்லாதபோது அந்த ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுக்கிறீர்கள். நாலாவது தலைமுறையில் குடும்பத் தலைவரின் புகைப்படம் வெறும் கறுப்புத் திட்டாகியிருக்கும். ஃபிலிமும் இப்படித்தான். கேமராவுக்குள் ஓடிய அசல் நெகட்டிவ்தான் முதல் தலைமுறை. அதிலிருந்து பாதுகாப்புக்காக ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள். அதிலிருந்து நகல் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர்களுக்கான பிரிண்ட். தொலைக்காட்சிக்கும் பள்ளி, சங்கத் திரையிடல்களுக்கும் 35 மில்லிமீட்டர் ஃபிலிமை 16 மில்லிமீட்டராகச் சுருக்குவார்கள். அதை வீடியோ டேப்பில் பதிவார்கள், டேப்பிலிருந்து டிவிடி. ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் கொஞ்சம் உதிரும், வெள்ளை இன்னும் வெளுக்கும், கறுப்பு இன்னும் கறுக்கும். என் டிவிடியின் இட்லி முகம் பிறந்தது இப்படித்தான்.

இப்போது அட்டையில் இருக்கும் எண்களைப் பார்க்கலாம். டிவிடியின் படம் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 480 (ஐரோப்பிய, இந்திய முறையில் 576). புளூரே 1920-க்கு 1080. 4கே தட்டு 3840-க்கு 2160. இந்த எண்கள் பாத்திரத்தின் கொள்ளளவைத்தான் சொல்கின்றன, உள்ளே ஊற்றியது பாலா, தண்ணீரா என்று சொல்வதில்லை. நாலாந்தலைமுறை 16 மில்லிமீட்டர் பிரிண்டை 4கே-யில் ஸ்கேன் செய்தால் அதன் மங்கலும் கீறலும் துல்லியமாகப் பதியும், வேறொன்றும் கிடைக்காது. மறுபக்கம், நன்றாக இருக்கும் 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் சாதாரண புளூரே காட்டக்கூடியதைவிட அதிக விவரம் இருக்கும். நூறு வயதான படம் நேற்று எடுத்ததுபோலத் தெரிவது அந்த ஃபிலிமின் பெருமைதான்.

அப்படியானால் எல்லோரும் அசல் நெகட்டிவையே எடுத்துப் போட வேண்டியதுதானே? எடுக்கலாம், இருந்தால். 1950களின் தொடக்கம்வரை 35 மில்லிமீட்டர் படங்கள் நைட்ரேட் ஃபிலிமில்தான் வந்தன. இதில் தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும், ஏனென்றால் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தீப்பிடிக்காவிட்டாலும் நிம்மதியில்லை. வைத்த இடத்திலேயே மெல்ல அழுகும். பிசுபிசுக்கும், நுரைக்கும், கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள்தான் இருக்கும். போதாக்குறைக்கு, மௌனப் படங்களுக்கு இனி மவுசில்லை என்று, அதிலிருக்கும் வெள்ளிக்காகப் பிரிண்டுகளை உருக்கியவர்களும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி அமெரிக்காவில் தயாரான சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் முதலில் வெளியான அதே வடிவில் எஞ்சியிருப்பவை 14 சதவீதம்தான்.

நகைச்சுவைப் படங்களுக்கு இன்னொரு சாபமும் உண்டு. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள். லாரல்-ஹார்டி என்ற நகைச்சுவை இரட்டையரின் படங்களை உலகமே திரும்பத் திரும்பக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் அதே நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டார்கள். ஒவ்வொரு முறை இயந்திரத்தில் ஓடும்போதும் நெகட்டிவ் கொஞ்சம் தேயும், கொஞ்சம் கிழியும், ஒட்டுப் போட்ட இடத்தில் இரண்டு பிரேம் (ஃபிலிமில் இருக்கும் தனித்தனிப் படம்) போகும். மறுவெளியீடு செய்தவர்கள் தொடக்க எழுத்துகளை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரைச் சேர்த்தார்கள். யாரும் சீந்தாத ஒரு சோகப் படத்தின் நெகட்டிவ் பெட்டியில் பத்திரமாகத் தூங்கியிருக்க, எல்லோரும் நேசித்த படம் நைந்துபோனது.

பிழைத்த கதைகளும் இருக்கின்றன. கீட்டன் ஒரு காலத்தில் வாழ்ந்த பெவர்லி ஹில்ஸ் மாளிகையைப் பிற்பாடு நடிகர் ஜேம்ஸ் மேசன் வாங்கினார். 1950களில் அங்கே ஃபிலிம் டப்பாக்கள் கிடைத்தன. திறந்து பார்த்தால் கீட்டனின் சொந்தப் பிரிண்டுகள். அவற்றில் சில அதுவரை காணாமல்போனதாகவே கருதப்பட்டவை. 

என் மனதுக்கு நெருக்கமானது ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’யின் கதை. 1927-இன் கடைசி நாளில் வெளியான இரண்டு ரீல் லாரல்-ஹார்டி படம். வாழைப்பழத் தோலில் லாரலை வழுக்கி விழவைத்துக் காப்பீட்டுப் பணம் வாங்கலாம் என்று ஹார்டி திட்டம் போடுவார். வழுக்கி விழுவதோ ‘பை’ கொண்டுவரும் ஆள். (கையில் தூக்கும் பை அல்ல. மாவுத் தட்டில் க்ரீம் நிரப்பிய இனிப்புப் பண்டம்.) அவர் கோபத்தில் ஒன்றை வீச, அது வேறொருவர் மேல் பட, அவர் திருப்பி வீச, தெரு முழுக்க க்ரீம். 3,000 பை செலவானதாகச் சொல்வதுண்டு.

இந்தப் படம் முழுதாக எங்கேயும் இல்லை. ராபர்ட் யங்சன் என்பவர் 1957-இல் பழைய நகைச்சுவைத் துண்டுகளைக் கோத்து ஒரு தொகுப்புப் படம் எடுத்தபோது இந்தச் சண்டையிலிருந்து சில நிமிடங்களைச் சேர்த்துக்கொண்டார். உலகம் பார்த்தது அந்தத் துணுக்கை மட்டும்தான். குத்துச்சண்டை வரும் முதல் ரீல் 1970களில் கிடைத்தது. இரண்டாவது ரீல் 2015-இல் ஒரு சேகரிப்பாளரின் டப்பாக்களுக்கு நடுவே வெளிப்பட்டது. யங்சன் அந்த நாளில் தனக்காக எடுத்து வைத்துக்கொண்ட 16 மில்லிமீட்டர் பிரதி அது. இங்கேதான் நம் தலைமுறைக் கணக்கு வேலை செய்கிறது. அது 16 மில்லிமீட்டர்தான், ஆனால் 35 மில்லிமீட்டர் அசல் நெகட்டிவிலிருந்து நேராக எடுத்தது. அதனால் பல கை மாறிய 35 மில்லிமீட்டர் பிரிண்டைவிடவும் தெளிவாக இருக்க அதற்கு வாய்ப்புண்டு.

படத்தில் அனிதா கார்வின் என்ற நடிகை தெருமுனையில் திரும்பி வருவார், வழுக்குவார், ஒரு பையின் மேல் உட்கார்ந்துவிடுவார். நடந்தது என்னவென்று அவருக்குப் புரியாது, எழுந்து குனிந்து பார்க்கவும் கௌரவம் இடங்கொடுக்காது. மெல்ல எழுந்து, காலை மட்டும் ஒரு உதறு உதறி, ஒன்றும் நடக்காததுபோல் போவார். வெளுத்துப்போன பிரதியில் அந்தப் பை நடைபாதையோடு கலந்துவிடும். அப்புறம் அவர் எதற்காகக் காலை உதறுகிறார்?

சரி, டப்பா கிடைத்துவிட்டது. இனி ஆய்வகத்தில் என்ன செய்வார்கள்? முதல் வேலை ஸ்கேனிங் அல்ல, தேடல். உலகத்தின் பல காப்பகங்களில் இருக்கும் பிரதிகளை வரவழைத்து, ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டு, எந்தக் காட்சி எதில் நன்றாக இருக்கிறது என்று அட்டவணை போடுவார்கள். இத்தாலியின் போலோனா நகரத்துத் திரைப்படக் காப்பகமும் அதன் ஆய்வகமான லிம்மாஜினே ரித்ரோவாத்தாவும் சாப்ளின் படங்களுக்கும், 2015 முதல் கீட்டன் படங்களுக்கும் இப்படித்தான் உழைத்திருக்கின்றன. (சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவான, நடனக் கலைஞர் உதயசங்கரின் ‘கல்பனா’ படமும் அங்கே சீரமைக்கப்பட்டதுதான்.) 

அடுத்தது கைவேலை. ஃபிலிமின் ஓரத்தில் கிழிந்த துளைகளை ஒட்டுவது, பழைய பசையைச் சுரண்டுவது, கழுவுவது. ஸ்கேன் செய்யும்போது சில சமயம் ஃபிலிமை ஒரு திரவத்துக்குள் ஓடவிடுவார்கள். கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடியை நனைத்துப் பாருங்கள், கீறல் மறைந்ததுபோல் இருக்கும். அதே தந்திரம்தான். திரவம் ஃபிலிமின் பின்பக்கக் கீறல்களை நிரப்பிவிடும், ஒளி சிதறாது. படம் பதிந்திருக்கும் பக்கத்தையே கீறியிருந்தால் இது உதவாது. அதைக் கணினியில் பிரேம் பிரேமாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆபத்தும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. தூசியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எப்படி யோசிக்கிறது? முன் பிரேமில் இல்லாத, பின் பிரேமிலும் இல்லாத, இந்த ஒரு பிரேமில் மட்டும் இருக்கும் புள்ளி தூசி. பெரும்பாலும் சரிதான். ஆனால் வேகமாகப் பறக்கும் பந்தும் அப்படித்தான் தெரியும், மழைத்துளியும் அப்படித்தான், வெள்ளை க்ரீம் பையும் அப்படித்தான்! பக்கத்தில் ஆள் உட்கார்ந்து கண்காணிக்காமல் மென்பொருளை அதன் போக்கில் விட்டால், வீசிய பண்டம் நடுவானில் காணாமல்போய் எதிராளியின் முகத்தில் திடீரென முளைக்கும். பை சண்டையில் பையையே துடைத்துவிட்டால் என்ன மிச்சம்?

அளவுக்கு மீறிய சுத்தத்தின் இன்னொரு அடையாளம் மெழுகு முகம். ஃபிலிம் படத்தில் எப்போதும் மணல்போல ஒரு நுண்ணிய துகளாட்டம் இருக்கும். அது அழுக்கு அல்ல, படம் உருவாகியிருப்பதே அந்தத் துகள்களால்தான். அதைத் தேய்த்து வழித்தால் ஹார்டியின் கன்னம் பிளாஸ்டிக் பொம்மைக் கன்னமாகிவிடும். தொலைக்காட்சியில் படம் ‘பளிச்’சென்று இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காகவே இப்படிச் செய்யும் தட்டுகள் உண்டு. நான் அவற்றை வாங்குவதில்லை.

அடுத்து வேகம். பழைய மௌனப் படம் என்றாலே குடுகுடுவென்று ஓடும் மனிதர்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் நொடிக்கு இத்தனை பிரேம் என்று உறுதியான விதி இல்லை. கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 முதல் 24 வரை எதுவும் இருக்கலாம். பேசும் படம் வந்தபிறகு 24 என்று நிலைத்தது. பழைய படத்தை அந்தப் புது வேகத்தில் அப்படியே ஓட்டினால் எல்லோரும் எறும்பாகிவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு ரீல் அதிகபட்சம் 1,000 அடி, அடிக்கு 16 பிரேம், ஆக 16,000 பிரேம். நொடிக்கு 24 என்று ஓட்டினால் ஏறக்குறைய 11 நிமிடம். 16 என்று ஓட்டினால் 16 நிமிடம் 40 நொடி. அதனால் ஒரே படத்தின் இரண்டு தட்டுகளில் நேரம் வேறாக இருந்தால் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வேகம்கூடக் காரணமாக இருக்கலாம்.

அப்படியென்றால் மனிதர்கள் இயல்பாக நடக்கும் வேகத்துக்குக் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை, இதுதான் எனக்குப் பிடித்த சிக்கல். சாப்ளினும் கீட்டனும் வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சுற்றச் சொல்லிப் படமெடுத்தார்கள், திரையில் சற்று விறுவிறுப்பாகத் தெரிவதற்காக. உதை வாங்கி விழும் காட்சியை நிஜ வேகத்தில் காட்டினால் ‘ஐயோ, அடிபட்டிருக்குமே’ என்று தோன்றும். கொஞ்சம் வேகமாகக் காட்டினால் சிரிப்பு வரும். சீரமைப்பவர் தேட வேண்டியது அந்தக் கொஞ்சத்தை. இதற்குச் சூத்திரம் கிடையாது. பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், அவர்களுக்குள்ளேயே சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள்.

சட்டகம் பற்றிச் சுருக்கமாக. மௌனப் படத்தில் பிம்பம் ஃபிலிமின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டது. ஒலி வந்தபோது அதற்கான பட்டைக்கு இடது ஓரத்தை ஒதுக்கினார்கள். பேசும் படத்துக்கான இயந்திரத்தில் மௌனப் படத்தை நகலெடுத்தால் இடது ஓரம் வெட்டுப்படும். கீட்டன் போன்றவர்கள் முழு உருவத்தையும் எட்ட நின்று காட்டி, ஓரத்தில் ஒரு ஆபத்தை நுழையவிடுபவர்கள். அந்த ஓரம்தான் போய்விடுகிறது. படத்தின் நடுவே இருக்க வேண்டிய ஆள் இடதுபக்கம் தள்ளி நெருக்கியடித்து நின்றால் சந்தேகப்படுங்கள்.

‘அசல்’ என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. அன்றைக்கு நெகட்டிவிலிருந்து நல்ல நகலெடுக்கும் வசதி இல்லாததால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேமரா வைத்து எடுப்பார்கள். ஒன்று உள்நாட்டுக்கு, மற்றது வெளிநாட்டுக்கு. கோணம் சற்று மாறும், சில சமயம் நடிப்பே வேறு டேக்காக இருக்கும். கீட்டனின் ‘தி பிளாக்ஸ்மித்’ (1922) குறும்படத்துக்கு, அதுவரை யாரும் பார்க்காத காட்சிகளோடு வேறொரு வடிவம் 2013-இல் அர்ஜென்டினாவில் கிடைத்தது. சாப்ளின் தன் ‘தி கோல்டு ரஷ்’ (1925) படத்தை 1942-இல் தானே வெட்டி, வசனம் காட்டும் எழுத்தட்டைகளை எடுத்துவிட்டுத் தன் குரலையும் இசையையும் சேர்த்து 72 நிமிடமாக மறுவெளியீடு செய்தார். முடிவில் வரும் முத்தத்தையும் எடுத்துவிட்டார். பழைய வடிவத்தை, மௌனப் படங்களை மீட்பதில் ஈடுபட்ட கெவின் பிரௌன்லோவும் டேவிட் கில்லும் 1993-இல் பல பிரதிகளிலிருந்து மீட்டுக் கட்டினார்கள். தட்டு வாங்குமுன் எந்த வருடத்து வடிவம் என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. எனக்கு 1925-தான். ரொட்டித் துண்டுகளை முள்கரண்டியில் குத்தி ஆடவைக்கும் இடத்தில் குரல் எதற்கு?

பேசும் படங்களில் ஒலியும் இதே பாடுதான். லாரல்-ஹார்டியின் முதல் பேசும் படமான ‘அனக்கஸ்டம்டு ஆஸ் வி ஆர்’ (1929) பல வருடம் ஊமையாகவே கிடந்தது. அதன் ஒலி தனி இசைத்தட்டுகளில் இருந்தது, அந்தத் தட்டுகள் பிற்பாடுதான் கிடைத்தன. ஒலியில் இரைச்சலை நீக்குகிறேன் என்று அதிகம் சுரண்டினால் குரல் அண்டாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகும்.

வண்ணம் பூசி, நொடிக்கு 60 பிரேமாக்கி, ‘ஏஐ 4கே’ என்று இணையத்தில் வரும் காணொளிகளைப் பலர் சீரமைப்பு என்று நினைக்கிறார்கள். சீரமைப்பு என்பது இருந்ததை மீட்பது. இவை இல்லாததை ஊகித்து நிரப்புபவை. மங்கலான முகத்துக்கு மென்பொருள் கொடுக்கும் கண்ணிமை கீட்டனுடையது அல்ல. ஒருமுறை வேடிக்கை பார்க்கலாம், அதைக் கீட்டன் படம் என்று குழந்தைக்கு முதன்முதலில் காட்ட வேண்டாம்.

அமெரிக்காவில் 1920களின் படங்கள் காப்புரிமை தீர்ந்து பொதுவாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் ‘ரெஸ்டோர்டு’ (சீரமைத்தது) என்று அட்டையில் அச்சிட்டு விற்கலாம், அந்தச் சொல்லுக்குக் காவல் கிடையாது. அதனால் அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிப்பேன். எந்தக் காப்பகம், எந்த ஃபிலிம், யார் செய்தது, இசை யாருடையது. உழைத்தவர்கள் இதையெல்லாம் எழுதாமல் இருக்கமாட்டார்கள். ஒன்றும் இல்லாமல் ‘டிஜிட்டல் தரம்’ என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வருவேன். கையில் கிடைத்த தட்டைச் சோதிக்க ஒரு வழி: வெயிலில் வெள்ளைச் சட்டை போட்டிருப்பவரைத் தேடி அங்கே நிறுத்துங்கள். சட்டையில் மடிப்புகள் தெரிந்தால் தலைமுறை நல்லது. வெற்றுத் தாளை ஒட்டியதுபோல வெறும் வெள்ளையாக இருந்தால் அது ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.

2020-இல் வந்த லாரல்-ஹார்டி புளூரே தொகுப்பில் அந்தப் பை சண்டைப் படம் இருக்கிறது. ஒரு சிறு பகுதி இன்னும் கிடைக்காததால் அந்த இடத்தில் நிழற்படங்களையும் எழுத்தையும் வைத்திருக்கிறார்கள். அதே தொகுப்பில் ‘தி மியூசிக் பாக்ஸ்’ (1932) உண்டு. இருவரும் ஒரு பியானோவை லாஸ் ஏஞ்சலஸின் 133 படிகள் கொண்ட நீண்ட படிக்கட்டில் ஏற்றப் படாதபாடு படும், ஆஸ்கார் வாங்கிய குறும்படம். ஐந்து வருடம் முன்பே அதே படிக்கட்டில் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தை அவர்கள் ஏற்றியிருக்கிறார்கள், ‘ஹாட்ஸ் ஆஃப்’ (1927) என்ற படத்தில். அதற்கு ஒரு பிரதிகூட இதுவரை எங்கும் அகப்படவில்லை. சில நிழற்படங்கள் இருக்கின்றன. படிக்கட்டு இருக்கிறது.